எட்டு சிங்கிள்

சுந்தரலிங்கம் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை தன் வீட்டைக் கடந்து போனார்.

கம்பத்துக்கும் தேனிக்கும் ஓடிய மஞ்சள் நிறத் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். ஒரு ஊரில் எடுத்து மறு ஊரில் போடுவது ஒரு சிங்கிள். காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பத்தில் விசில் ஊதினால் சாயங்காலம் ஆறரைக்குள் எட்டு சிங்கிள். வீடு நடுவில், சின்னமனூரில், மெயின்ரோட்டின் மேலேயே இருந்தது. வாடகை வீடு. கரும்பு லாரி போனால் பாத்திர அலமாரி குலுங்கும். துணி காயப்போட்டால் அரை மணி நேரத்தில் செம்மண் நிறமாகும். உள்தெருவில் இதே வாடகைக்குக் கிணற்றோடு ஒரு வீடு வந்தது. மனைவி மாரீஸ்வரி ஆசைப்பட்டாள். அவர் போய்ப் பார்க்கக்கூட இல்லை.

“அங்கன போனா உன்னை எப்பப் பாக்கிறது?” என்றார்.

வீட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தம் கிடையாது. வேகத்தடை இருந்தது. அதைப் போட வைத்தவரே அவர்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டுகிறார்கள் என்று மனு எழுதி, வண்டியில் ஏறிய வாத்தியார், நெல் வியாபாரி, வாழைத்தார் ஏலக்காரர் என்று ஒருவரையும் விடாமல் கையெழுத்து வாங்கி, ஒன்றரை வருடம் அலைந்தார். பள்ளிக்கூடம் இருநூறு அடி தள்ளி இருந்தது. வேகத்தடை சரியாக அவர் வாசலுக்கு நேரே விழுந்தது.

“பள்ளிக்கூடம் அங்கன இருக்கு, மேடு இங்கன இருக்கு. பிள்ளைக சுத்திக்கிட்டு வந்து தாண்டணும் போலயே மாப்ள,” என்று டிரைவர் ஒச்சாண்டி கேலி பேசுவார். ஆனால் ஒவ்வொரு சிங்கிளிலும் அந்த மேட்டில் வண்டியைத் தவழவிடுவதும் அவர்தான். முன்சக்கரம் ஏறி, பின்சக்கரம் இறங்கப் பத்துப் பன்னிரண்டு விநாடி. சுந்தரலிங்கம் பின்படிக்கட்டில் ஒரு காலை வெளியே தொங்கவிட்டு நிற்பார்.

இருபது வருடக் குடும்பம் அந்தப் படிக்கட்டில்தான் நடந்தது. தேனிக்குப் போகும்போது வீடு படிக்கட்டுப் பக்கம் வரும். கம்பத்துக்குத் திரும்பும்போது மாரீஸ்வரி ரோட்டைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். நாளுக்கு நான்கு தடவை தாண்டினாள். காலை ஆறே இருபத்தைந்துக்கு, “பெரியவளுக்குக் காய்ச்சல்” என்பாள். எட்டு மணிக்கு, “ரொம்பவா?” என்று அவர் கேட்பார். ஒன்பதே முப்பத்தைந்துக்கு, “ஊசி போட்டாச்சு.” பதினொன்று பத்துக்கு, “கஞ்சி குடிச்சாளா?” இப்படிப் போகும். சண்டையும் அப்படித்தான். அவள் காலையில் சொன்ன ஒரு சொல்லுக்கு அவருக்கு மதியம்தான் கோபம் வரும். நாலு மணி வாக்கில் அதைக் காட்டிவிட்டுப் போவார். அவள் பதில் தயாராக வைத்துக்கொண்டு அடுத்த சிங்கிளுக்குக் காத்திருப்பாள். அதற்குள் அவருக்குக் கோபம் போயிருக்கும். கையில் ஒரு கொத்து பன்னீர் திராட்சையை நீட்டுவார். வைத்திருந்த பதில் வீணாகிவிடும்.

செல்போன் வந்த பிறகும் அவர் படிக்கட்டை விடவில்லை. “போன்ல குரல்தான் வரும்,” என்றார்.

ஓய்வு நாளில் அவரால் வீட்டில் உட்கார முடியாது. மாற்று ஆள் ஓட்டும் தன் வண்டிக்காக வாசலில் நிற்பார். வண்டி போனதும் கடிகாரத்தைப் பார்த்து, “நாலு நிமிசம் லேட்டு. வீரபாண்டியில நின்னு வெத்தலை வாங்குறான் பாவி,” என்பார். பிறகு உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, தண்ணீர் குடித்து, மறுபடி வாசலுக்குப் போவார். முழுசாகக் கிடைத்த ஒரு நாளில் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது.

2009, மாசி மாதம். ஒன்பதே முப்பத்தைந்து சிங்கிளில் மாரீஸ்வரி மோர் பாட்டிலை நீட்டினாள். அவர் முகம் வேர்த்திருந்தது. “வர்றப்பக் குடிக்கிறேன்,” என்றார். சீலையம்பட்டி தாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் கட்டோடு சாய்ந்தார். ஒச்சாண்டி எந்த நிறுத்தத்திலும் நிறுத்தாமல், அறுபது பயணிகளோடு வண்டியை நேராகத் தேனியில் ஒரு ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோய் விட்டார். இறங்கவேண்டிய ஊரை விட்டுவந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதினொன்று பத்துக்கு மாரீஸ்வரி ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்றாள். பதினொன்றரைக்கும் நின்றாள். வயது அவருக்கு ஐம்பத்திரண்டு.

துக்கத்துக்கு அவ்வளவு கூட்டம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. பள்ளத்தாக்கின் ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் வந்தார்கள். அவள் முன்பின் பார்த்திராத பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “முழங்கால் வலி இப்பத் தேவலையாத்தா?” என்று கேட்டு அழுதார்கள். மகன் திலீபன் பாலிடெக்னிக்கில் ஒரு பேப்பரில் தோற்றது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மகள் முத்துலட்சுமிக்குப் போடியிலிருந்து வந்த மாப்பிள்ளை ஏன் தட்டிப்போனது என்றும் தெரிந்திருந்தது. பன்னிரண்டு விநாடியில் வாங்கிக்கொண்டு போனதையெல்லாம் அவர் சிங்கிள் முழுக்கப் பேசியிருக்கிறார்.

அந்தக் கூட்டத்தில் அவள் அண்ணன் மொக்கைச்சாமி வீட்டுக்குள் வரவில்லை. தெரு முனையில், டீக்கடைப் பக்கம் ஆண்களோடு நின்றார். புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச்சேலையை அண்ணன்தான் போட வேண்டும். பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள் குனிந்து காதில் கேட்டாள்: “ஒன் அண்ணன் முக்குல நிக்கிறாரு. கூப்பிடவா?”

“எனக்கு அண்ணன் இல்ல,” என்றாள் மாரீஸ்வரி.

ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் ஒருவன் சேலையைப் போட்டான். மொக்கைச்சாமி சுடுகாடு வரைக்கும் வந்துவிட்டு, குளித்து, அப்படியே கோம்பைக்குப் போய்விட்டார்.

அதற்குக் காரணம் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு கார்டு. மொக்கைச்சாமி அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக். 1997இல் கண்டக்டர் வேலைக்கு ஆள் எடுத்தபோது அவரே விண்ணப்பம் வாங்கி, அவரே நிரப்பி, தங்கச்சி புருஷனிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போனார். இன்டர்வியூ கார்டு வரும் என்று மாரீஸ்வரி தினமும் எதிர்பார்த்தாள். வரவில்லை. சுந்தரலிங்கமும் வரவில்லை என்றார். இரண்டு மாதம் கழித்து, அண்ணன் மனைவி முருகம்மாளின் தம்பி காமராஜுக்கு அதே வேலை கிடைத்தது. மாரீஸ்வரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேறு விடை வரவில்லை.

அண்ணன் மகளுக்குக் கோம்பையில் காதுகுத்து. அத்தைக்காரி என்று முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பந்திக்கு முன்னால் எழுந்து நின்று சொன்னாள்:

“எம் புருசன் இலையில இருந்து எடுத்து ஒம் மச்சினனுக்கு வச்சிருக்கியே, நல்லாருப்பியா?”

“கார்டு போயிருக்கு மாரி. அனுப்புன நம்பரை நானே பாத்துட்டு வந்தேன். வீட்டுல கேளு,” என்றார் மொக்கைச்சாமி.

“அப்ப எம் புருசன் பொய் சொல்றாகளா?”

எல்லோரும் சுந்தரலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வா போகலாம், வண்டிக்கு நேரமாச்சு,” என்றார்.

அன்றோடு போக்குவரத்து நின்றது. பேச்சு நிற்கவில்லை. மாரீஸ்வரி தெருவில் சொன்னாள், கடையில் சொன்னாள். தெருவில் சொன்னது பஸ்ஸில் ஏறியது. மேல் ஊரிலும் கீழ் ஊரிலும் இறங்கியது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த காமராஜுக்கு ‘கார்டு காமராஜ்’ என்று பெயர் விழுந்தது. 

பன்னிரண்டாம் நாள் துக்கம் கேட்க, ரிட்டயரான தபால்காரர் பேச்சிமுத்து வந்தார். மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் அன்றைக்கு வர முடியவில்லை என்றார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முத்துலட்சுமி கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே பழையதை எடுத்தார். துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் அவரைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தார்கள். இவரும் வைத்திருந்தார்.

“இந்த வீட்டு லெட்டரை நான் வீட்டுல குடுத்ததே இல்ல தாயி. வெயில்ல எதுக்கு இம்புட்டுத் தூரம்? பஸ் ஸ்டாண்டுல வண்டி நிக்கிறப்ப அவர் கையில குடுத்துருவேன். ஒரு தடவை கவர்மென்ட் பஸ்ஸுக்கு இன்டர்வியூ கார்டு வந்துச்சு பாரு. ரிஜிஸ்தர். கையெழுத்துப் போட்டு வாங்கினாரு. படிச்சாரு. ‘பேச்சிமுத்து, எடுத்தா எங்கன போடுவான்?’ன்னு கேட்டாரு. நான் வெளையாட்டாத்தான் சொன்னேன். ‘புது ஆளை எவன் சொந்த ஊர்ல வைப்பான்? திண்டுக்கல்லு, பழனின்னு தூக்கி அடிப்பான். வாரத்துக்கு ஒருக்கா வந்து பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கலாம்’னேன். ‘வாரத்துக்கு ஒருக்காவா?’ன்னாரு. அம்புட்டுத்தான். கார்டை நாலா மடிச்சாரு. அந்த வண்டியில கடைசி சீட்டு ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடிக்கிட்டே கெடக்கும்ல? அந்தச் சந்துல சொருகிட்டாரு. ‘இப்பச் சத்தம் வருதான்னு பாரு’ன்னு சிரிக்கிறாரு!” பேச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்பேர்ப்பட்ட மனுசன்.”

முத்துலட்சுமி அழுகையோடு சிரித்தாள். “அப்பா அப்படித்தான்,” என்றாள். அந்தக் காதுகுத்தின்போது அவளுக்குப் பதினோரு வயது.

மாரீஸ்வரி கேட்டாள்: “ரிஜிஸ்தராவா வந்துச்சு?”

“ஆமா தாயி.”

“அவுகளே கையெழுத்துப் போட்டாகளா?”

“எங்கிட்டத்தானே போட்டாரு.”

அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். தேய்த்து வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். காதுகுத்து நடந்தது ஒரு புதன்கிழமை. அவருக்கு ஓய்வு நாள். அன்றைக்கு அவருக்கு வண்டியே இல்லை. இது இப்போதுதான் உறைத்தது.

அன்று முழுக்கவும் மறுநாளும் அவளால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. பழைய ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தாள். அந்தக் காதுகுத்துக்குப் பிறகுதான் திராட்சை வர ஆரம்பித்ததா, அதற்கு முன்பே வந்ததா? மல்லிகைப்பூ? குமுளியிலிருந்து வரும் ஜீப் டிரைவரிடம் வாங்கி வந்த ஏலக்காய்? அவர் நீட்டியதில் எது ஆசையில் வந்தது, எது பயத்தில் வந்தது என்று பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. அவள் அண்ணனை ஏசும் போதெல்லாம் அவர் என்ன செய்தார்? சில்லறையை எண்ணினார். “விடு மாரி,” என்றார். அவள் அதைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தாள். வந்தவர்களிடம் அப்படியே சொல்லியும் இருந்தாள்.

அண்ணனிடம் போய்ச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கார்டு வந்த வருடமே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்த பேச்சிமுத்துவுக்குக்கூடத் தான் என்ன சொன்னோம் என்று தெரியாது. பதினாறாம் நாள் கருமாதிக்கு அதே சித்தப்பா மகன் மறுபடி சேலை எடுத்து வருவான். சுந்தரலிங்கத்தின் பெயர் இன்று இருக்கிற மாதிரியே இருக்கும். அண்ணன் திருடனாகவே இருப்பார்.

பதினாலாம் நாள் காலை பதினொரு மணிக்கு அவள் செருப்பைப் போட்டாள். சங்கிலியம்மாள் ஓடி வந்து வழி மறித்தாள்.

“கிறுக்குப் பிடிச்சிருச்சாடி? கருமாதி முடியாம வாசப்படி தாண்டுவியா? ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்க்கா.”

“எதுன்னாலும் போன்ல பேசு. ஒன் மகன் வச்சிருக்கான்ல.”

“போன்ல சொல்ற விசயமில்ல.”

ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்றாள். பதினொன்று பத்து மஞ்சள் வண்டி வேகத்தடையில் தவழ்ந்தது. ஒச்சாண்டி அவளைப் பார்த்து முழுசாக நிறுத்திவிட்டார். அவள் அந்த வண்டியில் ஏறி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. பெண்கள் பக்கத்தில் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி, “இந்த வண்டிக்குள்ள ஒன்னையப் பத்திப் பேசாத நாளே இல்லத்தா,” என்றாள். இன்னொருத்தி, “காரக்குழம்புல நீ வெல்லம் போடுவியாமே? நானும் போட்டுப் பாத்தேன்,” என்றாள். எல்லோர் கண்ணும் அவள் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கடைசி சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. உத்தமபாளையம் வருவதற்குள் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தாள்.

கோம்பையில் அண்ணன் வீட்டுக்கு எதிரே ரேஷன் கடைச் சுவர். அதன் ஓரம் நின்றாள். துக்கக்காரி இன்னொரு வீட்டுப் படி ஏறக் கூடாது. வீட்டு முன்னால் கட்டியிருந்த செவலை நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்தது. சத்தம் கேட்டு முருகம்மாள் வெளியே வந்தாள். பார்த்தவுடன் கையில் இருந்த முறத்தைத் தாழ்த்தினாள்.

“எதுக்கு அங்கன நிக்கிற? உள்ள வா.”

“வரமாட்டேன் மதினி. தீட்டு.”

“பன்னெண்டு வருசமா நல்ல நாளுக்கு வராதவ, இன்னைக்குத் தீட்டுக்கு யோசிக்கிறியாக்கும்,” என்றாள் முருகம்மாள். சொல்லிவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: “இங்க வாங்க. ஒங்க தங்கச்சி வந்திருக்கு.”

மொக்கைச்சாமி பனியனோடு வந்தார். தலை முழுசும் நரைத்திருந்தது. சுடுகாட்டுக்கு வந்த அன்று அவள் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். நாயை அதட்டி உட்கார வைத்துவிட்டு அவர்தான் தாண்டி வந்தார்.

“கார்டு வந்திருக்கு அண்ணே,” என்றாள் மாரீஸ்வரி.

எந்தக் கார்டு என்று அவர் கேட்கவில்லை.

“யாரு சொன்னா?”

“போஸ்ட்மேன். அவுககிட்டயே குடுத்தாராம். வெளியூர்ல போடுவாகன்னு பயந்துக்கிட்டு அவுகதான்...” பஸ் ஜன்னலில் சொருகியதை அவளால் சொல்ல முடியவில்லை. “அவுகதான் மறைச்சிட்டாக.”

“ஏ ஆத்தா!” என்று முருகம்மாள் முறத்தை எறிந்தாள். “எந் தம்பிக்கு இன்னைக்கும் டிப்போவுல அதுதாண்டி பேரு. ‘கார்டு, டீ வாங்கிட்டு வா’, ‘கார்டு, டூட்டிக்குப் போ’. பொண்ணு பாக்கப் போன எடத்துல கேட்டாக, கார்டு காமராஜ்ங்கிறது நீங்கதானான்னு. ரெண்டு எடம் விட்டுப்போச்சு. ஒம் புருசனுக்கு ஒன்னையப் பாக்காம இருக்க முடியல, அதுக்கு எந் தம்பி திருடனா?”

“நீ உள்ள போ,” என்றார் மொக்கைச்சாமி.

“போகமாட்டேன்.”

அவர் சுவரில் கையூன்றினார். திட்டுவார் என்று மாரீஸ்வரி எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“நீ என்னைய எங்கன வச்சு ஏசின?” என்று கேட்டார்.

“காதுகுத்துல.”

“எத்தனை பேரு இருந்தாக?”

“இருநூறு பேரு இருப்பாக.”

“இருநூறு பேருக்கு முன்னாடி அதைச் சொன்ன. இன்னைக்கு ரேசன் கடைச் சுவத்துக்கிட்ட நின்னு இதைச் சொல்ற.” குரல் உயரவில்லை. “கருமாதிக்கு வர்றேன். கோடி எடுத்துட்டு வர்றேன். காமராஜையும் கூட்டிட்டு வர்றேன். சபையில சொல்லு. சொன்னா என் கையால போடுறேன். இல்லாட்டி சேலையத் தட்டுலயே வச்சிட்டு வந்துருவேன். பெறகு நீ உன் வழியப் பாரு, நான் என் வழியப் பாக்கிறேன்.”

“அண்ணே, செத்தவுகளை...”

“நான் உசுரோட இருக்கேன்ல?” என்றார்.

மறுநாள் சமையல் சாமான் வந்து இறங்கியது. வாசலில் பந்தல் போட்டார்கள். மாரீஸ்வரி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். சாயங்காலம் பிள்ளைகள் இருவரையும் உள்ளறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். திலீபன் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். முத்துலட்சுமி பாதியிலேயே தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டாள்.

“மாமாகிட்டச் சொல்லியாச்சுல்ல? அவரு தெரிஞ்சுக்கிட்டாருல்ல? அது போதும்மா.”

“அவரு சபையில கேக்கிறாரு.”

“அப்பா வந்து பதில் சொல்ல முடியுமா? எட்டு ஊரு சனம் வருது நாளைக்கு. அவரு நமக்காகத்தானே செஞ்சாரு? உனக்காகத்தானே? நீயே அவரைக் குத்தவாளியா நிறுத்துவியா?”

“எனக்காகன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னா போகச் சொல்லியிருப்ப.”

அது உண்மை. அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். பந்தக்கால் நேராக நிற்கிறதா என்று பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வந்தாள்.

பதினாறாம் நாள் பந்தல் நிறைந்து ரோட்டோரம் வரை நின்றார்கள். கம்பத்துப் பழக்கடைக்காரர்கள், வீரபாண்டியிலிருந்து பூக்காரிகள், மனுவில் கையெழுத்துப் போட்ட வாத்தியார், பேச்சிமுத்து, ஒச்சாண்டி. மொக்கைச்சாமி முருகம்மாளோடு வந்தார். தட்டில் வெளிர்நீலச் சேலை இருந்தது. பின்னால் காமராஜ், காக்கி உடுப்போடு. பந்தலுக்குள் வராமல் ஓரக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேர் அவனைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டார்கள்.

சடங்குகள் முடிந்தன. “பொறந்த வீட்டுக் கோடி” என்று குரல் கொடுத்தார்கள். மொக்கைச்சாமி தட்டோடு முன்னால் வந்து நின்றார். அங்கேயே நின்றார். கூட்டம் காத்திருந்தது.

மாரீஸ்வரி உட்கார வைத்த இடத்திலிருந்து எழுந்தாள். சங்கிலியம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். உதறினாள்.

“எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்,” என்றாள். “பன்னெண்டு வருசத்துக்கு முந்தி எங்கண்ணனை நான் சபையில வச்சு ஏசினேன். எம் புருசனுக்கு வந்த வேலையத் தட்டிப் பறிச்சுட்டாருன்னு சொன்னேன். அப்படி இல்ல. அவுகளுக்குக் கார்டு வந்துச்சு. வெளியூர்ல போட்டுட்டா எங்களைப் பாக்க முடியாதுன்னு அவுகளே மறைச்சிட்டாக.”

பேச்சிமுத்து எழுந்தார். “நாந்தான் குடுத்தேன்! சாட்சி நானு!” என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார். பூக்காரி ஒருத்தி உரக்கச் சொன்னாள்: “பொண்டாட்டி பிள்ளையப் பாக்கணும்னு கவர்மென்ட் வேலையவே வேணாம்னாகளா! இப்படியும் ஒரு ஆம்பளையா!” வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒச்சாண்டி தேம்பி அழுதார். பந்தல் முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது, சந்தோஷமான சலசலப்பு. அவரைப் பற்றி இதுவரை கேட்டவற்றிலேயே நல்லதைக் கேட்டுவிட்ட மாதிரி ஒருவருக்கொருவர் திருப்பிச் சொல்லிக்கொண்டார்கள். முத்துலட்சுமியின் முகம்கூடத் தெளிந்தது.

தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மொக்கைச்சாமியை யாரும் பார்க்கவில்லை. காமராஜ் தரையில் செருப்பு முனையால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

“மெச்சாதீக,” என்றாள் மாரீஸ்வரி.

பேச்சு நிற்கவில்லை.

“மெச்சாதீகன்னு சொல்றேன்ல!”

இப்போது நின்றது.

“அவுக எங்களுக்கு நல்லவுகதான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா எங்கண்ணனுக்கு நல்லவுகளா இல்ல. அந்தா நிக்கிறான் பாருங்க காமராஜு, அவனுக்கு நல்லவுகளா இல்ல. திருடன்னு அவனுக்குப் பேரு வச்சது நானு. வண்டியில எட்டு சிங்கிளும் அந்தப் பேச்சு ஓடுச்சு. நீங்கதான் பேசினீக. அவுக நடுவுல நின்னு டிக்கெட் கிழிச்சாக. ஒரு வார்த்தை சொல்லல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தீர்ந்திருக்கும். சொல்லல.” மூச்சு வாங்கியது. “இனிமே யாரும் அவனை அப்படிக் கூப்பிடாதீக.”

பூக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். ஒச்சாண்டி மட்டும், “விடு தங்கச்சி, போன மனுசன்...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். முத்துலட்சுமி எழுந்தாள். யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள். உள்ளறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் வெளியே வரை கேட்டது.

மொக்கைச்சாமி தட்டை முருகம்மாளிடம் கொடுத்துவிட்டுச் சேலையை எடுத்தார். மடிப்பைப் பிரிக்க விரல் வளையவில்லை. முருகம்மாள் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தாள். தங்கச்சியின் தலைக்கு மேல் போர்த்தும்போது, “போதும்த்தா,” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

பந்தி போட்டார்கள். காமராஜ் கிளம்பப் பார்த்தான். திலீபன் போய் அவன் கையைப் பிடித்தான். என்ன சொன்னான் என்று தெரியவில்லை. காமராஜ் முதல் வரிசையில் ஓரமாக உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த பழக்கடைக்காரர் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் தள்ளி வைத்தார்.

மாரீஸ்வரி புதுச்சேலையோடு உள்ளறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். தட்டவில்லை. நின்றாள், நகர்ந்தாள், மறுபடி வந்து நின்றாள். கை கழுவ உள்ளே வந்த மொக்கைச்சாமி அதைப் பார்த்தார்.

“பிள்ளை உள்ளயா இருக்கு?”

“ம்.”

“பேசுமா?”

“தெரியல அண்ணே. என் பிள்ளைதானே அது.”

அவர் ஈரக் கையோடு கதவை ஒரு பார்வை பார்த்தார். வெளியே ரசத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “நீ போய் அங்கன நில்லு, ஆளுக தேடுவாக. நான் இங்கன இருக்கேன்,” என்று சொல்லிவிட்டு, வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அந்தக் கதவோரம் தரையில் உட்கார்ந்தார்.